யாருடைய முறை

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று
லாரியைத் தோளில் இடிக்கும்போதுதான்
பின்னால் படுத்திருக்கும் அம்புறோஸ் விழிப்பான்.
எந்த ஊர் என்று கேட்கமாட்டான்.
வெங்காய மூட்டைகளோடு மொத்த வண்டியும்
அரையடி நகர
நான் அதை இழுத்துப் பிடிக்கிற நொடிதான்
அவனுக்கு ஊர்ப்பலகை.
"பைய போ, லில்லி" என்பான்.
மறுபடி உறங்கிவிடுவான்.

நாசிக்கிலிருந்து மூன்று இரவு.
நான் ஓட்டினால் அவன் உறங்குவான்
அவன் ஓட்டினால் நான்.
படுக்கைப் பலகை ஒன்று, தலையணை ஒன்று.
நான் ஏறிப் படுக்கையில்
அவன் தலை பதிந்த பள்ளம்
இன்னும் சூடாயிருக்கும்.
பதினோரு வருடமாக
பெரும்பாலும் இப்படித்தான் அணைத்துக்கொண்டோம்.

ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு
குலசேகரத்திலிருந்து ஜலந்தர்வரை
என் தேசப்படம் கழிப்பறைகளால் ஆனது.
தாழ்ப்பாள் உள்ளவை, இல்லாதவை,
வெள்ளம் வரும் குழாய், காற்று வரும் குழாய்.
கர்னூல் தாண்டி ஒரு பங்கில்
கண்ணாடிகூட உண்டு. அதில்தான்
முதல் நரையைப் பார்த்தேன்.

ஜனவரியில் நாக்பூர் தாண்டினால்
தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாகிவிடும்.
இன்ஜின் மூடிமேல் வைத்து உருக்குவேன்,
கருவாடு பொரிக்கக் கொஞ்சம்
தலைக்குக் கொஞ்சம்.
ஒருமுறை ஒரு போலீஸ்காரர்
டார்ச் அடித்துக் கேட்டார், டிரைவர் எங்கே?
இங்கே, என்றேன்.
இன்னொருவர் உறங்குகிறார். மெதுவாகப் பேசுங்கள்.

வடசேரிச் சந்தையில் விடியுமுன் மூட்டை இறங்கிற்று.
ஏழு கிலோ குறைகிறதென்று ஒரு சண்டை.
அம்புறோஸ் கம்பியால் டயர்களைத் தட்டி வந்தான்.
உள்டயர் ஒன்று
சளி பிடித்தவன்போலப் பதில் சொன்னது.
அப்போது போன் வந்தது:
மலையில் விடாத மழை,
புகைப்புரையில் ஷீட் இன்னும் வெளுத்துத்தான் கிடக்கிறது,
நாளை மறுநாள் வாங்க.

கேட்காமலே கிடைத்தது
வீட்டில் ஓர் இரவு.

வில்லுக்குறியில் எங்கள் சந்துக்குள்
லாரி நுழையாது.
சாலையோரம் நிறுத்தி, பையைத் தூக்கி நடந்தோம்.
பூட்டு திரும்பவில்லை,
அதற்கும் எண்ணெய் வைத்தேன்.
உள்ளே காலண்டர் பிப்ரவரியில் நின்றிருந்தது.
மரச்சீனி அவித்தேன், சாளைக்கறி வைத்தேன்,
தட்டு சரிந்துவிடாமல்
ஒரு கையால் பிடித்தபடியே
இருவரும் சாப்பிட்டோம்.

கட்டில் அகலமாயிருந்தது.
ஃபேன் சுற்றியது. சுவர்கள் அசையவேயில்லை.
பன்னிரண்டுக்கு அவன் புரண்டான்
ஒரு மணிக்கு நான்.
"ஒறங்கலியா?"
"நீ ஒறங்கு. நான் முழிச்சிருக்கேன்."
"எதுக்கு?"
அவனிடம் பதில் இல்லை.
இரண்டு பேரும் சேர்ந்து கண் மூடினால்
யார் பார்த்துக்கொள்வார்கள் என்று
எனக்கும் ஒரு பயம்.
எதை என்று தெரியவில்லை.

டயரைப் பார்த்துவிட்டு வருகிறேனென்று போனவன்
திரும்பி வரவில்லை.
தலையணையை எடுத்துக்கொண்டு
மழைக்குள் நடந்தேன்.
ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான்,
இன்ஜின் போடாமல், விளக்கும் போடாமல்.
எதிரே கண்ணாடியில் மழை.
"ஏறிப் படு" என்றான்,
எனக்காகவே காத்திருந்தவன்போல.

படுத்ததுதான் தெரியும்.

விடிகாலையில் ஹாரன் ஒன்று அலறி
துள்ளி எழுந்தேன், பிரேக்கைத் தேடியது கால்.
அவன் நெற்றி ஸ்டியரிங்கின்மேல் கிடந்தது,
வாய் திறந்து, குறட்டையோடு.
முன்னால் போய்க்கொண்டிருந்த பால்காரர்
பதறிச் சைக்கிளை ஓரம் கட்டி
வழிவிட்டு நின்றார்,
எங்கும் போகாத எங்கள் வண்டிக்கு.